மொறிஸ் மைனருக்குள் நிசான் எஞ்சின்: குருநாகலில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு எந்த வழி?

என் அக்காவின் மகன் போன மாதம் ஒரு காரின் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், இரண்டு கதவு, முன்கண்ணாடி நடுவில் பிரிந்த வகை. இலக்கத்தகட்டில் ஸ்ரீ வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து. குருநாகலில் ஒருவரின் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. பெயின்ற் புதிது, இருக்கை உறையும் புதிது. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம், மிச்ச நாளில் வீட்டாரோடு நல்லூருக்கும் கீரிமலைக்கும் போய்வரலாம் என்பது அவன் கணக்கு.

“மாமா, விலை படிஞ்சிட்டுது. ஞாயிற்றுக்கிழமை போய் ஓடிக்கொண்டு வரப்போறன்.”

“பொனற் திறந்த படம் இருக்கோ?”

இருந்தது. பார்த்த உடனேயே தெரிந்தது, உள்ளே கிடப்பது மொறிஸ் எஞ்சின் இல்லை. நிசான் சன்னியின் ஏ12, 1171 சிசி. டைனமோ இருக்கவேண்டிய காரில் ஒல்டனேற்றர். கியர்பொக்ஸும் சன்னியுடையதுதான், ஐந்து கியர் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னாராம்.

“புத்தகத்தில என்ன எஞ்சின் நம்பர் கிடக்கு?”

“பழசுதான் மாமா. அவையள் அதை மாத்தேல்லை. கார் சோக்கா ஓடுது, பிறகென்ன?”

பிறகுதான் எல்லாம் இருக்கிறது. அன்று இரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெற்கிலிருந்து பழைய கார் வாங்கி வடக்குக்குக் கொண்டுவரும் ஆசை இப்போது நம் பெடியளிடம் நன்றாகவே பரவியிருக்கிறது.

முதலில் எஞ்சின் நம்பருக்கு ஏன் இவ்வளவு பெறுமதி என்று பார்ப்போம். இலங்கையில் ஒரு வாகனத்தை அடையாளம் காட்டுபவை மூன்று எண்கள்: பதிவு இலக்கம், செசி நம்பர், எஞ்சின் நம்பர். மூன்றும் பதிவுச் சான்றிதழில், நாம் புத்தகம் என்று சொல்வதில், இருக்கின்றன. எஞ்சினின் கொள்ளளவும் எரிபொருளும் வெற்று நிறையும்கூட அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இந்த விவரங்கள் மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டியவர் பதிவுபெற்ற உடைமையாளர். காரை இப்போது ஓட்டுபவரோ, காசு கொடுத்து வாங்கியவரோ இல்லை. இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அமெரிக்காவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பிக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே எஞ்சின் மாற்றுவது நம்மைப்போல் பெரிய குற்ற உணர்வைத் தராது. உரிமைப்பத்திரம் காரின் உடலில் உள்ள எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் 1950களின் நடுப்பகுதி வரை பல மாநிலங்களில் எஞ்சின் நம்பரையே காரின் எண்ணாகப் பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு காருக்கு யாரோ இடையில் எஞ்சினை மாற்றிவிட, அது ஒரு மாநிலத்தைவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போகும்போதுதான் பத்திரத்தில் உள்ள எண் காரில் எங்கேயும் இல்லை என்பது தெரியவரும். கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டுக் காருக்கும் அதற்கு முந்திய காருக்கும் புகைச் சோதனை இல்லை. அதற்குப் பிந்திய காருக்கு எஞ்சின் மாற்றினால் அதற்கென்று உள்ள நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். எல்லை தாண்டும்போதுதான் பழைய கணக்கு வெளியே வருகிறது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

நம் ஊரில் பழைய கார்களின் எஞ்சின் ஏன் இந்தப் பாடு பட்டது என்பதற்கு வேறு ஒரு கதை. 1990இல் மீண்டும் சண்டை தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது. ஏ40, கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போட், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது நம் கெட்டித்தனம் என்று இப்போதும் பெருமையாகப் பேசுகிறோம். சரிதான். ஆனால் அந்தப் பெருமையின் விலையை எஞ்சின்கள்தான் கொடுத்தன. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக இறங்கி எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் தண்ணீராகும், பெயாரிங் போகும், சிலிண்டர் தலைக்குள் கரி கட்டும். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது பல கார்களுக்கு எஞ்சின் என்ற பெயரில் ஏதோ ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்த ஜப்பான் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அப்போது பத்திரத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? 1995 இடப்பெயர்வில் பத்திரமே இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்.

தெற்கில் மண்ணெண்ணெய்க் கதை இல்லை, ஆனால் முடிவு அதேதான். மைனரின் 803 சிசி எஞ்சின் தேய்ந்தது, சன்னி எஞ்சின் மலிவாகக் கிடைத்தது, மாற்றினார்கள்.

மாகாணம் மாறுவதைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், உண்மையில் அதுதான் மிகச் சின்ன விஷயம். புதிய தொடர் வண்டிகளின் தகட்டில் மாகாண எழுத்து இருந்த காலத்தில் உடைமையாளரும் மாகாணமும் மாறினால் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அந்த எழுத்தையே விட்டுவிட்டார்கள். வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் காரியம். முந்திய ஆண்டுகளின் நிலுவை குருநாகலில் இருந்தால் அதைக் கட்டி முடித்துவிட்டுத்தான் இங்கே பிரதேச செயலகத்தில் புதியது எடுக்கலாம். கார் கொட்டிலில் சும்மா கிடந்தது என்று விற்பவர் சொன்னால், பாவனையில் இல்லை என்று அறிவித்த கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சும்மா கிடந்த ஆண்டுக்கும் நீங்கள்தான் கட்டவேண்டி வரும். அவ்வளவுதான்.

இனி வழிகள். மருமகனுக்கு முன்னால் நான்கு இருந்தன. ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது, அதை வழி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஓப்பன் பேப்பரோடு ஓடுவது

விற்பவர் கொடுக்க நினைத்தது இதைத்தான். எம்டிஏ 6 என்ற பெயர் மாற்றப் படிவத்தில் பதிவுபெற்ற உடைமையாளரின் கையொப்பம், வாங்குபவரின் பெயர் வெறுமை. அதையும் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டு கார் ஓடும். அடுத்தவருக்கு விற்கும்போது அதே கடதாசியைக் கைமாற்றலாம். இந்தக் கார் இப்படியே மூன்று கை மாறி வந்திருக்கிறது. சான்றிதழில் உள்ளவர் யாரென்று இப்போது விற்பவருக்கே நேரில் தெரியாது.

இதில் உள்ள ஒரே நன்மை, இன்றைக்குச் செலவில்லை. கலியாண வாடகைக்கு விடப்போகும் கார் என்றால் அந்த நன்மையும் நிலைக்காது. வழியில் பொலிஸ் மறித்துப் பொனற்றைத் திறக்கச் சொன்னால், நம்பர் ஒத்துவராத எஞ்சினுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் ஓட்டுபவர். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது, கேட்பார். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது செசி நம்பர் கேட்டது நினைவிருக்கும். சான்றிதழும் வண்டியும் ஒத்துப்போகாதவர்கள் பட்டபாட்டை வரிசையில் நின்று பார்த்தவன் நான்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் ஒரு ஒஸ்ரின் ஏ40 சொமசெற்றை இப்படித்தான் ஓப்பன் பேப்பரில் வாங்கினேன். தரகர், “அண்ணை, கையெழுத்து இருக்கு, எப்ப விருப்பமோ அப்ப மாத்துங்கோ” என்றார். எனக்கு விருப்பம் வந்தபோது சான்றிதழில் இருந்தவர் கனடாவில் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. இறந்தவரின் கையொப்பத்தோடு பெயர் மாற்ற முடியாது. வாரிசுகளைத் தேடி, மரணச் சான்றிதழ் வாங்கி, அவர்களில் ஒருவர் கடைசிவரை கையொப்பமிட மறுத்து, நான்கு வருடம் போனது. அந்தக் காரை நான் ஓட்டிய தூரத்தைவிட அதற்காகப் பஸ்ஸில் போன தூரம்தான் கூட.

எஞ்சின் மாற்றத்தைப் பொறுத்தவரை ஓப்பன் பேப்பர் கதவையே பூட்டிவிடுகிறது. மேலே சொன்ன அந்தச் சொல்தான்: விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவுபெற்ற உடைமையாளர். உங்கள் பெயரில் இல்லாத காருக்கு நீங்கள் எஞ்சின் மாற்றம் கேட்க முடியாது. ஆகவே எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் முதலில் பெயர் மாற்றம்.

நிசான் எஞ்சினைச் சட்டப்படி பதிவது

மருமகன் விரும்பியது இதை. காரணமும் இருக்கிறது. ஏ12 நல்ல எஞ்சின். 803 சிசி மைனரின் பலம் 30 குதிரைவலு; சன்னி எஞ்சின் அதைப்போல் இரண்டு மடங்கு தரும். ஏ9இல் லொறியை முந்தலாம். கராச்சில் எவருக்கும் கை பழகிய எஞ்சின், சாமான் தேட வேண்டியதில்லை.

பதிவதற்கு என்ன வேண்டும்? விண்ணப்பம், சான்றிதழ், எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம், அப்புறம் மோட்டார் வாகனப் பரிசோதகர் காரைப் பார்த்து எழுதும் அறிக்கை. இதில் மூன்றாவதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். எஞ்சின் வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்குமதியானதென்றால் சுங்கப் பத்திரமும் கடைப் பற்றுச்சீட்டும் இருக்கவேண்டும், அதில் இந்த எஞ்சினின் நம்பர் இருக்கவேண்டும். உள்ளூரில் ஒரு சன்னி காரிலிருந்து கழற்றியதென்றால் அந்தக் காரின் சான்றிதழில் அந்த எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு எஞ்சின் இரண்டு காரின் பெயரில் இருக்க முடியாது. அந்தக் காரின் உடைமையாளர் பக்கத்திலிருந்தும் காரியம் நடக்கவேண்டும்.

விற்பவரிடம் சுங்கப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். “அது அந்தக் காலத்தில போட்டது தம்பி, யார் பில் வச்சிருக்கிறது” என்று பதில் வந்தது. எதிர்பார்த்த பதில்தான். எஞ்சின் களவுக்காரிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம்.

பத்திரம் இருந்தால்? அப்போதும் நான் கொஞ்சம் தயங்குவேன். முதல் காரணம் பிரேக். இந்த மைனருக்கு நான்கு பக்கமும் ஏழு அங்குல டிரம் பிரேக். 1962இல் 1098 சிசி எஞ்சின் போட்டபோது கம்பனிக்காரனே முன்பக்கத்தை எட்டு அங்குலமாக்கினான், அது 48 குதிரைக்கு. அதைவிடக் கூடிய பலத்தைப் பழைய பிரேக்கோடு ஓடவிட்டால், ஓடும், நிற்பதுதான் சந்தேகம். இரண்டாவது டிப், அதாவது பின்னச்சின் டிபரென்ஷியல். 803 சிசி காரின் பின்னச்சு விகிதம் 5.286. பலமில்லாத எஞ்சினுக்காக அப்படி வைத்தது. அதை மாற்றாமல் சன்னி எஞ்சினைப் போட்டால் நாலாம் கியரிலும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். ஐந்தாம் கியர் பெருமையின் பின்னணி இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது நம் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர். கேத்திலுக்குள் படிவது றேடியேற்றருக்குள்ளும் படியும். ஏ12இன் தலை அலுமினியம், அதற்கு இந்தத் தண்ணீர் ஆகாது. மொறிஸின் தலை வார்ப்பிரும்பு, கொஞ்சம் பொறுக்கும். எதுவானாலும் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள் என்பது வேறு கதை.

டீசல் எஞ்சின் போடலாமே என்று அவனுடைய கூட்டாளி ஒருவன் கேட்டான். மைனருக்கு வேண்டாம். முன்பக்கம் முறுக்குக் கம்பியில் நிற்கிற கார், டீசலின் பாரத்தில் மூக்குத் தரையைத் தொடும். எஞ்சின் நம்பரோடு எரிபொருள், கொள்ளளவு, நிறை என்று சான்றிதழில் பாதி மாறும்.

மொறிஸ் குடும்பத்துக்குள்ளேயே பெரிய எஞ்சின்

ரசிகர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். 803க்குப் பதிலாக 948 அல்லது 1098. எல்லாம் ஏ வரிசை எஞ்சின்கள். காரை வெட்டத் தேவையில்லை, தாங்கிகள் அதே இடத்தில் உட்காரும். 948க்கு 37 குதிரை, பெயாரிங் பலமானது, எண்ணெய் வடிகட்டி முழு ஓட்ட வகை. 1956இல் மைனர் 1000 என்று வந்ததே அதுதான். 4.555 விகிதமுள்ள அதன் டிப்பும் சேர்த்துக் கிடைத்தால் கார் இன்னொரு காராகிவிடும். பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. எனக்கும் ஓட்டுவதற்குப் பிடித்தது இந்தச் சேர்க்கைதான்.

ஒரு எச்சரிக்கை. “மினி எஞ்சின் இருக்கு, அதுவும் ஏ வரிசைதான்” என்று விற்பார்கள். வரிசை ஒன்றுதான், ஆனால் மினியில் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது, கியர்பொக்ஸ் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கிறது. கிராங்கின் பின்முனையும் பின்தகடும் வேறு. அப்படியே தூக்கி மைனருக்குள் வைக்க முடியாது. இன்னொன்று, “803 பிளொக்கையே போர் பண்ணிப் பெருப்பிச்சு 948 ஆக்கலாம்” என்று ஒரு மெக்கானிக் பாஸ் சொன்னார். முடியாது. 948இல் சிலிண்டர்கள் இரண்டிரண்டாக ஒட்டி வார்க்கப்பட்டவை, 803இல் சம இடைவெளி. பிளொக்கே வேறு வார்ப்பு.

பத்திர விஷயத்தில் மட்டும் இந்த வழி நிசான் வழியைவிட ஒரு படிகூட லேசு இல்லை. எஞ்சின் நம்பரும் கொள்ளளவும் மாறுகின்றன. அதே விண்ணப்பம், அதே ஆதாரம், அதே பரிசோதகர். இன்று கிடைக்கும் 948 எல்லாம் ஏதோ ஒரு செத்துப்போன மைனரிலிருந்து வந்தவை. அந்த மைனரின் சான்றிதழ் எங்கே என்ற கேள்வி உடனே வரும். எஞ்சினை மட்டும் வாங்காமல், ஓடாமல் கிடக்கும் முழுக் காரையும் அதன் புத்தகத்தோடு வாங்கக் கிடைத்தால் இந்த வழி நல்ல வழி. தனி எஞ்சினாகக் கிடைத்தால் நிசான் கதையேதான்.

இங்கேதான் அந்த ஐந்தாவது வழி எட்டிப்பார்க்கிறது. ஏ வரிசை எஞ்சினின் நம்பர் பிளொக்கில் வெட்டப்பட்டதில்லை. எஞ்சினின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே, றிவெற் அடித்த சின்னத் தகடு ஒன்றில் இருக்கிறது. பழைய எஞ்சினின் தகட்டைக் கழற்றி 948இல் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கராச்சில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். தகட்டில் உள்ள முன்னெழுத்தே எஞ்சின் வகையைச் சொல்லிவிடும், தெரிந்த பரிசோதகருக்கு இரண்டு நிமிட வேலை. அவருக்குத் தெரியாவிட்டாலும் அது கள்ளவேலைதான். ஒரு அடையாளத்தைத் திருத்திய காரை நாளைக்கு நீங்கள் இன்னொருவரின் பிள்ளைக்கு விற்கப்போகிறீர்கள். அதனால்தான் இதை வழிகளின் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய பிளொக்கையே திரும்பப் போடுவது

இதைச் சொன்னபோது மருமகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நல்ல எஞ்சினைக் கழற்றிவிட்டு, கெட்ட எஞ்சின் என்று பெயரெடுத்ததைப் போடுவதா?

803ஐப் பற்றி நான் பொய் சொல்லப்போவதில்லை. பலம் குறைவு, கீழ்ப்பக்கப் பெயாரிங்குகள் மென்மையானவை, விரட்டினால் உடையும். ஆனால் சான்றிதழில் எழுதியிருக்கும் எஞ்சின் அதுதான். அது காருக்குள் இருந்தால் எஞ்சின் மாற்றம் என்ற விண்ணப்பமே தேவையில்லை. சுங்கப் பத்திரம் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. பெயர் மாற்றம் ஒன்றோடு காரியம் முடிந்தது. எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை, அது இந்தக் காரிலிருந்தே வந்தது.

அடுத்தது, யாழ்ப்பாணம். இந்தக் குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது? கொழும்புக்காரரும் கண்டிக்காரரும் 803ஐத் திட்டுவது அவர்களுடைய ஏற்றங்களை வைத்து. கோண்டாவிலில் இருந்து நல்லூருக்கும், சுன்னாகத்திலிருந்து கீரிமலைக்கும், பருத்தித்துறைக்கு ஒரு கலியாணத்துக்கும் போக 30 குதிரை தாராளம். மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றிக்கொண்டு நாற்பதில் போகிற கார். 5.286 விகிதம் அந்த வேகத்துக்கு அளந்து செய்ததுபோல் பொருந்தும். பிரேக்கும் அதற்குக் காணும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய்க் கொழும்பில் நிற்கவேண்டும் என்றால் அவனிடம் வேறு வாகனம் இருக்கிறது.

செலவு குறைவில்லை. சிலிண்டரைப் போர் பண்ண வேண்டும், கிராங் சாணை பிடிக்க வேண்டும், பெயாரிங், வால்வு, எஸ்யூ கார்பரேற்றருக்கு ஊசியும் ஜெற்றும். இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நின்றுபோனது. பழைய தலையின் வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பிச் செய்தவை. தலையைக் கழற்றும்போதே கடினமான இருக்கை வளையம் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் தரம் கழற்றுவீர்கள். நிசானுக்காக மின்சாரத்தை மறை மண்ணாக, அதாவது பற்றரியின் மறை முனை காரின் உடலோடு சேரும்படி, மாற்றியிருப்பார்கள், மொறிஸ் முதலில் நேர் மண். டைனமோவை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று வயர்காரரோடு முதலே பேசவேண்டும். கியர்பொக்ஸுக்காகத் தரையின் நடுப்பாகத்தை வெட்டியிருந்தால் தகட்டு வேலை வேறு. 1990களில் இங்கிலாந்துக்கே மைனர் தகடுகள் செய்து அனுப்பிய நாடு இது, தகட்டு வேலைக்கு ஆள் கிடைக்கும். சரியாகச் செய்த எஞ்சின் வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் நிற்கும்.

இரண்டு வருடக் காசைக் கூட்டிப் பார்த்தால் இந்த வழி நிசானைப் பதியும் வழியைவிடக் கூடும். ஆனால் நிசான் வழியில் செலவழித்த பிறகும் ‘ஆதாரம் போதாது’ என்று திருப்பி அனுப்பப்படலாம். இதில் அந்த இடமே இல்லை. விற்கும் நாளில், நம்பர் ஒத்த 1955 மைனரை வாங்க வருபவரும் வேறு ஆள், தரும் விலையும் வேறு. அதனால் என் தெரிவு இதுதான், ஒரு நிபந்தனையோடு: பழைய பிளொக் கிடைக்கவேண்டும், தகடு அதில் இருக்கவேண்டும். கிடைக்காவிட்டால் முழுக்காரோடு ஒரு 948 தேடுவது அடுத்தது. அதுவும் இல்லையென்றால் குருநாகல் காரை விட்டுவிட்டு, பொனற்றுக்குள் ஒன்றும் மாறாத, பெயின்ற் உரிந்த ஒரு மைனரைப் பார்ப்பது. பெயின்ற் அடிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

நிசான் எஞ்சினைச் சுங்கப் பத்திரத்தோடு வைத்திருப்பவர் ஒருவர் இதைப் படித்தால், அவருக்கு என் தீர்ப்புப் பொருந்தாது. அவர் பிரேக்கை மாற்றிவிட்டு, உடனே விண்ணப்பித்து, நிம்மதியாக ஓடட்டும்.

மருமகன் அந்த இரவே விற்பவருக்கு எடுத்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். சிங்களத்தில் விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் போனது. பிறகு, சான்றிதழில் உள்ளவரின் விலாசமும், திணைக்களத்திலிருந்து பதிவு விவரப் பிரதியும் எடுத்த பிறகுதான் முற்பணம் என்றான். மனிதர் முறுமுறுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

“பழைய எஞ்சின் எங்க என்று கேள்” என்றேன்.

கேட்டான். அந்தப் பக்கம் சிரிப்பு. அது கனகாலமாகப் படலைக்கு முட்டுக் கொடுத்தபடி கிடக்கிறதாம், மாடு உள்ளே வராமல்.

“டைனமோ பூட்டுற இடத்துக்கு மேல ஒரு தகடு இருக்கும். இருக்கோ என்று லைற் அடிச்சுப் பாக்கச் சொல்லு.”

செருப்புச் சத்தம் முற்றத்தில் இறங்கிப் போனது. நாய் ஒன்று குரைத்தது. மருமகன் சான்றிதழின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி வந்து, மூச்சு வாங்க, எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்.